மூன்றாவது விசில்

அண்ணே,

நேற்று அடித்த காற்றில் உன் ஃபிளெக்ஸ் கிழிந்துவிட்டது. பின்பக்கம் விறகு நனையாமல் இருக்க அதைப் போர்த்தி, நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தோம். காலையில் போய்ப் பார்த்தால் உன் முகத்தில் பாதியைக் காணோம். கூலிங்கிளாஸ் போட்ட ஒரு கண்ணும் மீசையும்தான் மிச்சம். உன் பக்கத்தில் நிற்கிற அந்தப் போர்வீரனுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. மெல்லிய துணிச்சட்டையும் கையில் குட்டை ஈட்டியுமாக அப்படியே நிற்கிறான். தலைக்குமேல் சிவப்பு எழுத்தில் ‘தனியாக நின்று வென்றவன்’ என்று இருக்கிறது. தண்ணீரை வழித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீ போன அன்றைக்கு உன் கூட்டுக்காரன் ஜெனிஷ் தெருமுக்கில் கட்டிய கண்ணீர் அஞ்சலி அது. நாற்பத்தொன்றாம் நாள் பூசை முடிந்து அவிழ்த்துக் கொண்டுவந்து கொடுத்தான். “பிள்ளைக்க முகம் இருக்கு, எறியாண்டாம்” என்று அம்மா மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். மழை வந்ததும் அவளே எடுத்து விறகின்மேல் போட்டாள். அம்மாவைக் குறை சொல்லவில்லை. விறகு நனைந்தால் அடுப்பு எரியாது.

அந்தப் போர்வீரன் யார் என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது எனக்கு மட்டும்தான்.

கேம் பெட்டியை மாமா மகனிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்தவன் நீ. எனக்கு ஆடக் கற்றுத் தந்தவனும் நீதான், அதை மறுக்கவில்லை. சூரியன் அணைந்துபோன ஒரு தீவு. கரை முழுக்கச் செத்தவர்கள் நடக்கிறார்கள். நடுவில் ஒரு கலங்கரை விளக்கம், அதன் உச்சியில் அதைக் காக்கிறவன். அவனைக் கொன்றால்தான் கதை முடியும். விளக்குக்காரன் என்று நாம் பெயர் வைத்தோம். அந்த விளையாட்டுக்கு ஈவிரக்கம் கிடையாது. இரண்டு அடி வாங்கினால் சாவு. செத்தால் சேர்த்ததெல்லாம் போய், பழைய இடத்திலிருந்து மறுபடி நடக்க வேண்டும். அவசரத்துக்குக்கூட நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. நான் பயந்தபோது, “செத்தா எழும்பலாம்லா ஏட்டி, எதுக்குப் பயம்?” என்று சிரித்தாய்.

ஒரே வாரத்தில் உன்னைவிட நன்றாக ஆடினேன். அதை நீயும் மறுக்க மாட்டாய்.

நீ காலையில் ஐஸ் கம்பெனிக்குப் போவாய். அம்மா ஏலத்தில் மீன் எடுத்துச் சந்தைக்குப் போவாள். அப்பா கடலுக்குப் போனால் பத்து நாள். நர்சிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த நான், வீட்டு வேலைக்கு நடுவில் அந்தத் தீவில் நடப்பேன். சாயங்காலம் ஜெனிஷும் மற்றவன்களும் வந்துவிட்டால் நான் அடுக்களையில் இருக்க வேண்டும். “அவன்மாரு முன்னால விளையாடாண்டாம் மக்கா, ஒரு மாதிரி இருக்கும்” என்று நீ சொல்லியிருந்தாய். என்ன மாதிரி என்று நான் கேட்கவில்லை. குளச்சல் கேம் கடையில் பெண்பிள்ளை ஒருத்திகூட உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நம் வீட்டு முன்னறையும் சாயங்காலமானால் அந்தக் கடைதான்.

உங்கள் கூட்டத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. வேறு ஊரில் ஆடுகிறவனைத் துணைக்குக் கூப்பிட அந்த விளையாட்டில் வழி உண்டு. நீங்கள் யாரும் கூப்பிடக் கூடாது. தனியாக நின்று முதலில் ஜெயிக்கிறவன்தான் ஆம்பளை. மூன்று வாரம் விளக்குக்காரன் உன்னை வெட்டி வெட்டிப் போட்டான். மூன்று வாரமும் நான் உங்களுக்கு டீ போட்டேன்.

நீ ஒருநாளும் கதையைப் படித்ததில்லை. துருப்பிடித்த மணி, கிழிந்த பாய் என்று வழியில் எது கிடைத்தாலும் அதன்கீழே நாலு வரி எழுதியிருக்கும். நீ தள்ளிவிட்டு ஓடுவாய். நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். விளக்குக்காரனுக்கு ஒரு தம்பி. தம்பி படகில் திரும்பி வந்த இரவில் அண்ணன் தூங்கிவிட்டான், விளக்கு அணைந்துவிட்டது, படகு பாறையில் மோதியது. யாரிடமும் அவன் அதைச் சொல்லவில்லை. தம்பி வருவான், வருவான் என்று சொல்லி, வருகிறவனையெல்லாம் கொன்று அந்த ரத்தத்தில் விளக்கை எரிய வைத்துக்கொண்டிருக்கிறான். நான் இதைச் சொல்லி, “அவன் காக்கது விளக்கை இல்ல, பொய்யை” என்றேன். “கதை கிடக்கட்டு, அவன் வாளைத் தூக்குனா எந்தப் பக்கம் உருளணும்? அத சொல்லு” என்றாய்.

ஒருநாள் அவன் கையில் ஏழெட்டுத் தடவை செத்துவிட்டுக் கண்ட்ரோலரைக் கட்டிலில் எறிந்தாய். “இனி இந்தச் சவத்தைத் தொடமாட்டேன்” என்று சொல்லி வேலைக்குப் போய்விட்டாய். நான் குக்கரில் அரிசி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். உன் ஆளுக்கு நீ போட்டிருந்த இரும்புச் சட்டையைக் கழற்றினேன். ஆளுயர வாளை வைத்துவிட்டுக் கரையில் கிடந்த மீன்குத்தும் ஈட்டியை எடுத்தேன். ஆள் லேசானான். எல்லாவற்றுக்கும் இடது பக்கம் உருண்டேன். விளக்குக்காரனுக்கு வலது கண் தெரியாது. மணியின் கீழே அதுவும் எழுதியிருந்தது.

பாதி உயிர் குறைந்திருந்தபோது மூன்றாவது விசில் அடித்தது. சோறு குழைந்தால் அம்மா வாயில் விழ வேண்டும். விளையாட்டை நிறுத்தவும் முடியாது. அங்கே உடைந்த தூண் ஒன்று இருந்தது. உன் ஆளை அதன் பின்னால் பதுங்க வைத்துவிட்டு, கண்ட்ரோலரைத் தரையில் போட்டு ஓடி, கேஸை அணைத்துவிட்டு ஓடி வந்தேன். விளக்குக்காரன் தூணைச் சுற்றி வரப் பார்த்துக்கொண்டிருந்தான். மிச்சப் பாதியையும் முடித்தேன். அவன் முழங்காலிட்டுத் தம்பி பெயரைச் சொன்னபோது அழுதேன்.

நீ மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தாய். திரையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாய். “நீயா?” என்றாய். என்னைத் தூக்கிச் சுற்றினாய், அண்ணே. அந்த ஐந்து நிமிடத்தை நான் உன்னிடமிருந்து எடுத்துக்கொள்ள மாட்டேன். அது நிஜம்.

அதற்குள் ஜெனிஷ் வந்துவிட்டான். நான் டீத்தட்டோடு அடுக்களை வாசலில் நின்றேன். நீ சொல்லப் போகிறாய் என்று சிரித்துக்கொண்டே நின்றேன். அவன் திரையைப் பார்த்தான், உன்னைப் பார்த்தான். “எலே மக்ளே, கொன்னுட்டியா?” என்றான். நீ என்னைப் பார்த்தாய். என் கையில் இருந்த தட்டைப் பார்த்தாய். அவனிடம் திரும்பி, ஆமாம் என்பதற்கு ஒரே ஒரு வார்த்தை சொன்னாய்.

“பின்ன.”

அவன் ஏதோ பட்டனை அமுக்கி, பெட்டி தானாகப் பிடித்து வைத்திருந்த கடைசி அரைமணி நேரத்தையும் வீடியோவாகச் சேர்த்து வைத்தான். “இரும்புச் சட்டைய எங்கலே?” என்று கேட்டான். “கனம் கூடுதல், கழத்திட்டேன்” என்றாய். அவ்வளவு சீக்கிரத்தில் உனக்குப் பொய் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அன்று நான் உன்னோடு சண்டை போட்டேன். நீ காலில் விழாத குறை. “சொல்லுகேன் மக்கா. நானும் ஒருக்க அவனைக் கொன்னுட்டு சொல்லுகேன். இப்பம் சொன்னா அவன்மாரு எனக்க மானத்த வாங்கிருவானுவ.” சரி என்றேன். தங்கச்சிகள் சரி என்றுதான் சொல்கிறார்கள்.

இரண்டு வருடம் போனது. கேம் கடையில் உன்னை ஆசான் என்று கூப்பிட்டார்கள். பையன்கள் நம் வீட்டுக்கு வந்து உன்னிடம் பாடம் படித்தார்கள். நடுவில் தண்ணீர் குடிக்கிற மாதிரி நீ அடுக்களைக்கு வருவாய். நான் சாளை மீன் நறுக்கிக்கொண்டிருப்பேன். “தீ ஊதும்போ எங்க நிக்கணும்?” என்று காதோடு கேட்பாய். நான் செதில் ஒட்டிய கையோடு சொல்லித் தருவேன். நீ போய் அதையே உரக்கச் சொல்வாய். எனக்குச் சிரிப்பு வந்த நாளும் உண்டு. வாயில் உப்பள்ளிப் போட்டது போல இருந்த நாள்தான் அதிகம். எப்போது சொல்வாய் என்று கேட்டேன். பிறகு கேட்பதை நிறுத்தினேன்.

மண்டைக்காடு போகிற வளைவில் உன் பைக்கும் ஒரு லாரியும். நான் நர்சிங் படித்தவள், துணியைத் தூக்கிப் பார்க்க என்னைத்தான் விட்டார்கள். உன் கட்டைவிரல் இரண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏனோ அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்தேன். எழும்பலாம்லா என்று சொன்னவன்தானே நீ என்று நினைத்தேன். எனக்கு உன்மேல் இரண்டு வருடக் கோபம் இருந்தது. அதைக் கொட்ட ஆள் இல்லாமல் போய்விட்டது. நீ போனதைவிட அது பெரிய அநியாயமாகச் சில நாள் தோன்றுகிறது.

நாற்பத்தொன்றாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு, ஜெனிஷ் அந்த வீடியோவை நம் முன்னறை டிவியில் போட்டான். சொந்தக்காரர்கள், அக்கம்பக்கம், எல்லாரும் இருந்தார்கள். அம்மா முன்னால் உட்கார்ந்திருந்தாள். அந்த ஈட்டியும் துணிச்சட்டையும் இடது பக்கம் உருண்டு உருண்டு போவதை எல்லாரும் பார்த்தார்கள். தூண் வந்தது. ஆள் அதன் பின்னால் போய் அசையாமல் நின்றான்.

“இங்க பாருங்க அம்மா,” என்றான் ஜெனிஷ். எழுந்து போய்த் திரையைத் தொட்டுக் காட்டினான். “எல்லாவனும் இந்த இடத்துல பதறுவான். இவன் நிக்கான் பாருங்க. மூச்சு விட்டுக்கிட்டு நிக்கான். எத்தனை பொறும. நாங்க இப்பம் இதுக்கு ஆசான் தூணுன்னுதான் பேரு வச்சிருக்கோம். எல்லாரும் அங்க போயி நின்னுதான் விளையாடுகோம்.”

கேஸ் அடுப்பை அணைக்க ஓடிய நேரம், அண்ணே. சோறு குழைந்துவிடும் என்று நான் ஓடிய நேரம். ஊர்ப் பையன்கள் எல்லாரும் இப்போது அந்தத் தூணுக்குப் பின்னால் போய் நின்று உன் பொறுமையைப் படிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, முந்தானையை வாயில் வைத்து அமுக்கினேன். பக்கத்து வீட்டு அக்கா நான் அழுகிறேன் என்று முதுகைத் தடவினாள்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். “எனக்க பிள்ளைக்க திறமைய பாத்தியா? அன்னைக்கு நீ வீட்டுல இருந்தேல்லா? அவன் ஜெயிச்சத நீ பாத்தியா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லியிருக்கலாம். செத்துப்போன மகனைக் கொஞ்ச நேரம் பெரிய ஆளாகப் பார்க்கிற ஒருத்தியிடம் என்னத்தைச் சொல்ல.

“பின்ன,” என்றேன்.

உன் வார்த்தைதான். நீ விட்டுப்போனதில் எனக்குப் பயன்பட்டது அது ஒன்றுதான்.

அடுத்த மாதம் நான் மஸ்கட் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். கேம் பெட்டியை ஜெனிஷிடம் கொடுத்துவிடு என்று அம்மா சொல்லிவிட்டாள். ஃபிளெக்ஸைப் பார்த்த எரிச்சலோடு இன்று காலையில் அதைத் துடைத்து, டிவியில் மாட்டி, கடைசியாக ஒருமுறை போட்டேன். முதல் திரையில் உன் பழைய ஆள் இருந்தான். அவனுக்குக் கீழே இன்னொரு ஆள் இருந்தான். நான் பார்த்ததே இல்லை. கூட்டம் வரும்முன் நீயே பெட்டியைப் போட்டு வைத்துவிடுவாய், அவன்களும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதே துணிச்சட்டை, அதே ஈட்டி. விளக்குக்காரனின் கதவுக்கு முன்னால் நிற்கிறான். எத்தனை தடவை செத்தான் என்று ஓரத்தில் எழுதியிருந்தது. நானூற்றுப் பதினொன்று. கடைசியாக ஆடிய தேதி நீ போனதற்கு முந்தின நாள்.

நான் தேவாலயத்துக்கும், வெளிநாட்டு வேலைக்கான பரீட்சைக்கும், திருவட்டாறில் சிநேகிதி வீட்டுக்கும் போன நாளெல்லாம் நீ எனக்குத் தெரியாமல் உட்கார்ந்து என்னைப் போலவே ஆடிப் பார்த்திருக்கிறாய். ஜெயித்துவிட்டுச் சொல்கிறேன் என்றது வெறும் சாக்கு இல்லை. நீ முயற்சி செய்திருக்கிறாய். அது தெரிந்ததும் எனக்கு மனம் இளகவில்லை, இன்னும் கசந்தது. ஜெயிக்காமலே சொல்லியிருக்கலாமே. “எனக்க தங்கச்சி கொன்னா” என்று மூன்று வார்த்தை. அதைச் சொல்வதைவிட நானூறு தடவை சாவது உனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

கண்ட்ரோலரை எடுத்தேன். உன் அந்த இரண்டாவது ஆளைக் கதவுக்கு உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். கை மறக்கவில்லை. இடது, இடது, குத்து. விளக்குக்காரனுக்கு இன்னும் ஒரு குத்துதான் பாக்கி. அதைக் குத்தியிருந்தால் உன் பொய் உண்மையாகியிருக்கும். நீ ஆடிய ஆளே அவனைக் கொன்றான் என்று அந்தப் பெட்டியில் எழுதியிருக்கும்.

கையை எடுத்துவிட்டேன். அவன் வாளைத் தூக்கினான், உன் ஆள் விழுந்தான். நானூற்றுப் பன்னிரண்டு. உனக்காக ஒருமுறை ஜெயித்தாயிற்று, அண்ணே. இரண்டாம் முறை மாட்டேன்.

அந்த ஆளை அழித்துவிடவும் வழி இருந்தது. ‘அழிக்கவா?’ என்று கேட்டது. அழித்தால் அத்தனை சாவும் யாருக்கும் தெரியாது, நீ என்றென்றைக்கும் ஆசான். பிறகு வேண்டாம் என்று அமுக்கிவிட்டுப் பெட்டியை அணைத்தேன். வயரைச் சுற்றித் துணிப்பையில் வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜெனிஷ் வருவான். நம் முன்னறையில்தான் போட்டுப் பார்ப்பான். இரண்டு ஆளையும் பார்ப்பான், எண்ணிக்கையையும் பார்ப்பான், இது யாரு என்று கேட்பான். அம்மாவும் இருப்பாள். நான் டீ கொண்டு வருவேன்.

நீ “பின்ன” என்று சொன்ன அன்றைக்குப் பிடித்த டீத்தட்டை நான் இன்னும் கீழே வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வைக்கப் போகிறேன்.