மஞ்சள் கட்டமும் ஒரு சொம்புத் தண்ணீரும்

கோபிசெட்டிபாளையம்
4.6.2025

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

பாரியூர் அம்மன் புண்ணியத்தில் நலமாக வந்து சேர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் பொறுப்பும் ஏற்றுக்கொண்டேன். அங்கே நீங்கள், மாமா, குழந்தைகள் எல்லோரும் சௌக்கியம்தானே?

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. சிரிக்காதீர்கள். போனில் வீட்டுப் பேச்சை எடுத்தாலே சண்டையில் முடிகிறது. நேற்று மித்ராவின் சாக்ஸுக்காக நாம் போட்ட சத்தத்தில் இங்கே விடுதியில் பக்கத்து அறை டீச்சர் எழுந்து வந்து, "ஏனுங்க டீச்சர், ஊட்ல ஏதாச்சும் பிரச்சினைங்களா?" என்று கேட்டுவிட்டார். சாக்ஸ் என்று சொல்ல எனக்கு வெட்கமாகப் போயிற்று. அதனால் பேசிக்கொண்டபடியே செய்வோம். போனில் குழந்தைகள் பேசட்டும். வீட்டுச் சங்கதியெல்லாம் கடிதத்தில்.

காலையில் முதலில் மாமாவுக்கு டீ கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் அப்பா அடுப்படிக்கே வந்து நின்றுகொள்வார். அரிசி களைந்ததும் யாழினியைக் குளிக்க அனுப்புங்கள். பெரியவள், சொன்னால் கேட்பாள். சின்னவள் மித்ராவைக் கூப்பிட்டுப் பிரயோஜனமில்லை, பாத்திரச் சத்தம் கேட்டால்தான் எழுந்திருப்பாள். உப்புத்தண்ணி மோட்டாரைப் போட்டால் நிறுத்த மறக்காதீர்கள். நல்ல தண்ணி என்றைக்கு வரும் என்பதை எதிர்வீட்டு பங்காரம்மாவைக் கேட்டால் சொல்லுவார். துணியை வெயில் தாழ்வதற்குள் எடுத்து, மடித்துவிட்டுத்தான் வேறு வேலை பார்க்க வேண்டும். கட்டிலில் குவித்தீர்களானால் ஞாயிற்றுக்கிழமைவரை அங்கேயே கிடக்கும்.

எழுதும்போதுதான் தெரிகிறது, இதில் எதையும் நான் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. கை அது பாட்டுக்குச் செய்தது, வீடு நடந்தது.

காலாண்டுப் பரீட்சை வரைக்கும் பார்ப்போம். வீடு தடுமாறினால் இந்தத் தலைமையாசிரியை பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பழையபடி கோயமுத்தூருக்கே டீச்சராக வந்துவிடுகிறேன். இதற்காக எத்தனை காலம் காத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் என் பிள்ளைகள் அழுக்குச் சட்டையோடு போக, நான் இங்கே ஊரார் பிள்ளைகளுக்கு ஒழுங்கு சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அட்மிஷன் வேலை இருப்பதால் இந்த மாதக் கடைசி வெள்ளிதான் வர முடியும்.

உங்கள்
சண்முகப்பிரியா


கோயமுத்தூர்
12.6.2025

தலைமையாசிரியை அம்மணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பா வாங்கிப் படித்துவிட்டு, "என்னைய அடுப்படில நிக்கிறவன்னு எழுதியிருக்குதா அந்தப் புள்ள?" என்று அடுப்படியில் நின்றுகொண்டே கேட்டார்.

பம்ப் கம்பெனியில் ஒரு ஷிஃப்டையே மேய்க்கிறேன். இந்த வீட்டில் மூன்று பேரை மேய்க்க முடியவில்லை. நீ சொன்னதை அப்படியே செய்கிறேன். நடப்பது வேறு என்னவோவாக இருக்கிறது. அப்பாவுக்கு முதலில் டீ கொடுத்தேன். உடனே இன்னொன்று கேட்டார். "அது எந்திரிச்சதுக்கு. இது பேப்பருக்கு" என்கிறார். அந்த இரண்டாவது டீ எங்கே இருந்தது? உன் கடிதத்தில் இல்லையே!

யாழினியின் டிபன் பாக்ஸ் என்னோடு கம்பெனிக்கு வந்துவிட்டது. நான் திறந்தால் உள்ளே தக்காளி சாதமும் ஒரு சாக்லேட்டும். அவள் திறந்தால் களியும் பச்சை மிளகாயும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்களாம். இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை. மித்ராவை வெள்ளை டிரஸ் போட்டு அனுப்பினேன், அன்றைக்குக் கலர் டிரஸ் நாளாம். மோட்டாரைப் போட்டுவிட்டு சாக்ஸ் தேடப் போனேன். பங்காரம்மா எதிரில் நின்று, "ஏனுங் தம்பி, தொட்டி நெம்பித் தெருவெல்லாம் தண்ணி போகுதுங்க. வாசத் தெளிக்கிறீங்களா?" என்று சத்தம் போட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை பிரியா. அதே வீடு, அதே ஆட்கள், அதே வேலை. நான் எழுந்து வரும்போது எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். அது தானாகவே அப்படி இருக்கும் என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

ஒரு யோசனை. கம்பெனியில் எந்தச் சாமான் எங்கே இருக்க வேண்டும் என்று தரையில் மஞ்சள் டேப் ஒட்டிக் கட்டம் கட்டியிருப்போம். கட்டம் காலியாக இருந்தால் சாமானைக் காணோம் என்று அர்த்தம். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வீட்டிலும் ஒட்டிப் பார்க்கப் போகிறேன். நீ ஒன்றும் சொல்லாதே.

அருண்குமார்


கோபிசெட்டிபாளையம்
17.6.2025

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

களியும் பச்சை மிளகாயும் படித்து ஆபீஸ் அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கையெழுத்து வாங்க வந்த கிளார்க் பயந்துபோய் அப்படியே திரும்பிவிட்டார்.

பாவம் யாழினி. சாக்லேட் ஒன்று அதிகமாக வைத்துச் சமாதானம் செய்யுங்கள்.

மஞ்சள் டேப்பை எங்கே வேண்டுமானாலும் ஒட்டுங்கள். சாமி ரூமில் மட்டும் ஒட்டிவிடாதீர்கள், முருகனையும் கட்டத்துக்குள் நிற்கவைத்துவிடுவீர்கள்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் திண்டாடுகிறீர்கள் என்று படித்ததும் கஷ்டமாக இருந்தது. கூடவே கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. இது என்ன புத்தி என்று எனக்கே புரியவில்லை.

அடுத்த வாரம் வெள்ளி சாயங்காலம் வந்துவிடுவேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில் நல்ல கதலி கிடைக்கிறது, ஒரு சீப்பு கொண்டுவருகிறேன்.

பிரியா


கோயமுத்தூர்
30.6.2025

பிரியா,

நீ நேற்று மத்தியானமே கிளம்பிவிட்டாய். சாயங்கால பஸ்ஸில் போவதாகத்தானே பேச்சு? அரிசியும் பருப்பும் சாதம் நானே செய்திருந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்றாய். "உடம்பு கிடம்பு சரியில்லையா" என்றால் இல்லை என்கிறாய். கோபமா என்றால் அதற்கும் இல்லை.

எங்கே தப்பு நடந்தது என்று யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது. வீட்டைப் பார்த்தாய் அல்லவா? துணி மடித்திருந்தது. புத்தகப் பை அதன் கட்டத்தில், டிபன் பாக்ஸ் அதன் கட்டத்தில். இப்போதெல்லாம் மித்ராவே ஸ்கூல் விட்டு வந்ததும் செருப்பைக் கட்டத்துக்குள் நேராக வைக்கிறாள், கொஞ்சம் கோணினால்கூட என் அப்பாவை அதட்டுகிறாள். மோட்டாருக்குப் போனில் அலாரம் வைத்தாயிற்று. பேப்பர் டீயும் நேரத்துக்குப் போகிறது. நீ வரும்போது எந்த வேலையும் மிச்சம் இருக்கக் கூடாது, நீ உட்கார்ந்து ஓய்வெடுக்க வேண்டும் என்று குழந்தைகளிடம் சொல்லி வைத்திருந்தேன். நீ பாத்திரம் கழுவ எழுந்தபோதுகூட யாழினி வந்து வாங்கிக்கொண்டாள்.

நீ கேட்டதும் இதைத்தானே? வீடு ஓடவில்லை என்றால் நீ வேலையை விடுகிறேன் என்றாய். ஓட வைத்துக் காட்டினேன். அதைப் பார்த்து முகம் வாடிப் போகிறாய். எனக்குப் புரியவில்லை அம்மணி. உடைத்து எழுது.

அருண்


கோபிசெட்டிபாளையம்
4.7.2025

அன்புள்ளவருக்கு,

உடைத்து எழுதச் சொன்னீர்கள். எனக்கே முழுதாகத் தெரியாததை எப்படி உடைப்பது? முடிந்தவரை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை வாசலில் செருப்பைக் கழற்றினேன். கீழே மஞ்சள் கட்டங்கள். அப்பா, தாத்தா, யாழினி, மித்ரா என்று எழுதியிருந்தது. ஓரமாக இன்னொரு கட்டம், அதில் 'வருபவர்கள்'. என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். என் வீட்டு வாசலில் என் செருப்பை எங்கே விடுவது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் வருபவர்கள் கட்டத்தில்தான் விட்டேன்.

உள்ளே காலெடுத்து வைப்பதற்குள் யாழினி ஒரு சொம்பு தண்ணீரை நீட்டி, "வாங்கம்மா" என்றாள். நம் பக்கம் யாருக்குச் சொம்பு நீட்டுவோம்? வீட்டுக்கு ஒறம்பரை வந்தால் நீட்டுவோம். விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுப்பதுபோல் என் மகள் எனக்குக் கொடுக்கிறாள். குடிக்காமல் வாங்கி மேசைமேல் வைத்துவிட்டேன். அதற்குப்பிறகு உட்காருங்கள், சாப்பிடுங்கள், அதைத் தொடாதீர்கள் என்று எல்லோரும் சொல்லச் சொல்ல நான் அந்த வீட்டை விட்டு விலகிக்கொண்டே போனேன்.

உங்கள்மேல் தப்பே இல்லை. நான் கேட்டதைத்தான் செய்தீர்கள். நான் இல்லாமல் வீடு நடக்க வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன், நடக்கக் கூடாது என்றும் ஆசைப்பட்டிருக்கிறேன் போல. இரண்டையும் ஒரே மனசு எப்படி ஆசைப்படும்? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இப்படிக் குழப்பினால் வெளியே நிறுத்திவிடுவேன்.

இந்த வாரம் வரவில்லை. அடுத்த வாரமும் பார்க்கலாம். பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் காகிதத்தை நேற்று எடுத்தேன். என்ன காரணம் எழுதுவது என்று தெரியவில்லை. குடும்பச் சூழ்நிலை என்று எழுதலாம். ஆனால் குடும்பத்தில் சூழ்நிலை நன்றாக அல்லவா இருக்கிறது!

பிரியா


கோயமுத்தூர்
8.7.2025

பிரியாவுக்கு,

கடிதத்தை நான் படித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடா பண்ணித் தொலைச்ச?" என்றார். எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு.

உன் செருப்புக்குக் கட்டம் இல்லாததைப் பற்றி முதலில் சொல்கிறேன். முதல் நாள் உனக்கும் ஒட்டினேன். அம்மா என்று யாழினிதான் எழுதினாள். அது காலியாகவே கிடந்தது. கட்டம் காலியாக இருந்தால் சாமானைக் காணோம் என்று அர்த்தம் என நான்தானே சொல்லிக் கொடுத்திருந்தேன்? மித்ரா வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் அதைப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு நாள் அந்தக் கட்டத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாள். என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்கே டேப்பைப் பிய்த்துவிட்டேன். 'வருபவர்கள்' பங்காரம்மாவுக்கும் கேஸ்காரருக்கும் ஒட்டியது. அதில் நீ செருப்பை விடுவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கேயாவது விட்டுவிட்டு உள்ளே வருவாய் என்றுதான் நினைத்தேன்.

சொம்புச் சங்கதி எனக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. யாழினியைக் கூப்பிட்டு, "அம்மாவுக்கு எதுக்குடா கண்ணு சொம்புல தண்ணி குடுத்தே? அம்மா என்ன ஒறம்பரையா?" என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நாங்க ஸ்கூல்ல இருந்து வந்தா அம்மா குடுப்பாங்கள்லப்பா? நீங்க வந்தாலும் குடுப்பாங்க. தாத்தா கடைக்குப் போயிட்டு வந்தாலும் குடுப்பாங்க. இப்ப அம்மாதானே வெளிய இருந்து வர்றாங்க? அப்ப நாமதானே குடுக்கோணும்?"

பிறகு என்னிடம் ஒன்று கேட்டாள். "முன்னெல்லாம் அம்மா வந்தா யாருப்பா தண்ணி குடுப்பாங்க?"

நான் யோசித்துப் பார்த்தேன். நீயும் தினம் பள்ளிக்கூடம் போய்விட்டுத்தான் வந்தாய். வந்ததும் வராததுமாக அடுப்படிக்குள் போவாய், எங்களுக்குத் தண்ணீர் கொடுப்பாய். உனக்கு யார் கொடுத்தார்கள் என்று எனக்கு நினைவுக்கு வரவில்லை. அப்பாவைக் கேட்டேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

நீ மேசைமேல் வைத்த தண்ணீரை யாழினி எடுத்துப்போய்க் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டாள். அம்மாவுக்குத் தாகமில்லை போல என்று தங்கச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் முகம் அப்போது ஏன் வாடியிருந்தது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

இந்த வீடு உனக்கு என்னவாக இருக்க வேண்டும் என்று எனக்கு இன்னமும் சரியாகப் பிடிபடவில்லை. ஒழுங்காக வைத்தால் உனக்கு வலிக்கிறது, தாறுமாறாகக் கிடந்தால் நீ வேலையை விடுகிறேன் என்கிறாய். பொய்யாக ஒரு மூலையைக் கலைத்து வைக்கட்டுமா என்றுகூட நினைத்தேன். மித்ரா விடமாட்டாள். ஆனால் ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரியும். அந்தக் காகிதத்தை எழுதாதே. நீ வேண்டாம் என்று நினைத்து இந்த வீட்டை நாங்கள் நடத்தவில்லை. நீ அங்கே நிம்மதியாக இருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு வேலை செய்கிறோம்.

அருண்


கோபிசெட்டிபாளையம்
13.7.2025

அன்புள்ள அருணுக்கு,

பேர் சொல்லி எழுதிவிட்டேன். மாமா படித்தால் படிக்கட்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நிறைய அழுதேன். பக்கத்து அறை டீச்சர் இந்த முறையும் வந்து கேட்டார். என் மகள் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள், நான் குடிக்கவில்லை என்றேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

எத்தனையோ வருஷமாக நான் அந்த வாசலில் ஏறி வந்திருக்கிறேன். ஒருவரும் எனக்குக் கொடுத்ததில்லை என்பது யாழினி கேட்டபிறகுதான் எனக்கும் தெரிகிறது. கொடுக்காததை நான் குறையாக நினைத்ததே இல்லை. முதன்முதலாக ஒரு பிள்ளை கொடுத்தபோது, என்னை வெளியாளாக்கிவிட்டார்கள் என்று நினைத்துவிட்டேன். எப்படிப்பட்ட மடச்சி நான்! யாழினியிடம் நேரில்தான் பேச வேண்டும். போனில் சொன்னால் நான் அழுவேன், அவள் பயந்துவிடுவாள்.

காகிதத்தை எழுதவில்லை. இங்கேயே இருக்கிறேன். குழப்பம் இன்னும் முழுதாகப் போகவில்லை. சில நாள் நான் இல்லாமல் நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்று மறுபடியும் மனசு சுருங்கும். அப்போது எழுதுகிறேன், நீங்கள் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

கட்டத்தை மறுபடி ஒட்டுங்கள். கட்டிலுக்கு அடியில் என்னுடைய பழைய நீலச் செருப்பு கிடக்கும், வார் அறுந்தது. தூக்கிப் போடச் சொல்லிக்கொண்டே இருப்பீர்களே, அதேதான். அதைத் துடைத்துக் கட்டத்துக்குள் வைத்துவிடுங்கள். மித்ராவிடம், அம்மாவின் சாமான் அதன் இடத்தில்தான் இருக்கிறது, எதையும் காணாமல் போக்கவில்லை என்று சொல்லுங்கள்.

சனிக்கிழமை நீங்கள் ஷிஃப்ட் முடிந்து வரும்போது வாசலில் நான் சொம்புத் தண்ணீரோடு நிற்பேன். அந்த வேலையை மட்டும் யாரும் என்னிடமிருந்து வாங்கக் கூடாது. மற்றபடி பாத்திரம் நீங்களே கழுவிக்கொள்ளுங்கள், எனக்குப் பெரிய ஆட்சேபணை இல்லை.

வருகிற வெள்ளி, ஆடி முதல் வெள்ளி. பள்ளி விட்டதும் பஸ் ஏறிவிடுவேன். யாழினியிடம் சொல்லி வையுங்கள். வழியில் எங்கேயும் தண்ணீர் குடிக்காமல் வருகிறேன்.

பிரியா