ரேஷன் கார்டில் மனைவி

மாமாவுக்கு,

என்னை அங்கே அழைத்துக்கொள்ள துபாயிலிருந்து நீங்கள் அனுப்பிய தாள்களைப் பழங்காநத்தம் டிராவல்ஸ்காரரிடம் காட்டினேன். கல்யாணத்துக்கு அத்தாட்சி கேட்டார். வண்டியூர்க் கோயிலில் மாலை மாற்றியதற்குப் பத்திரம் ஏது? பதினோரு வருஷமாக என்னை உங்கள் மனைவி என்று சொல்லும் ரேஷன் கார்டை நீட்டினேன்.

"இது சீனி வாங்கத்தான் ஆகும்க்கா. சம்சாரம்னு போக ரிஜிஸ்தர் பத்திரம் வேணும். இல்லைன்னா வீட்டுவேலை விசாவுல போங்க" என்றார்.

எந்த விசாவுக்கு எழுதிக்கொடுப்பது என்று புரியவில்லை. வேலைக்காரியாக வந்தால் உங்களோடு இருக்க விடுவார்களா?

உங்கள் தாளில் 'திருமணம் ஆகாதவர்' என்றிருப்பதாகவும் படித்துச் சொன்னார். யாரோ அவசரத்தில் எழுதியிருப்பார்கள் என்று நானே சமாளித்தேன். கீழே இருந்த தமிழ்க் கையெழுத்து உங்களுடையது.

எப்போதும் 'உங்கள் மனைவி' என்று முடிப்பேன். இந்தத் தடவை அந்த இடத்தை விட்டிருக்கிறேன். நீங்களே நிரப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ..............