திதிக்கு ஊற்றிய பெற்றோல்

அன்பு மாறாத பெரியண்ணே,

சுகமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. நீங்கள் பதிலுக்கு என் சுகத்தைக் கேட்பீர்கள். நான் பொய் சொல்ல வேண்டிவரும். களைத்துப் போயிருக்கிறேன் அண்ணே.

கால் ஊன்றாமல் கல்லிலும் ஓடையிலும் ஏறுகிற போட்டிக்கு நீங்கள் ஓட்டிய பழைய மோட்டார் சைக்கிள், கட்டுகஸ்தோட்டையில் என் வீட்டுப் பின்விறாந்தையில்தான் நிற்கிறது. உங்கள் மகள் சுதா மாற்றலாகி வந்து இப்போது என்னோடு இருக்கிறாள். வருகிற மாதப் போட்டியில் அப்பாவின் வண்டியில்தான் ஏறுவேன் என்று பேரும் கொடுத்துவிட்டாள்.

அதனால் உங்கள் மெக்கானிக், மடவளை சலீம் நானாவை வரச் சொன்னேன். வண்டிமேல் போர்த்தியிருந்த சேலையை எடுத்தார். டேங்கின் வர்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தவர், பலாப்பால் மாதிரிப் பிசுபிசுத்த அந்த விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“தங்கச்சி, இது தகரமில்ல, பைபர். ஓடாத நேரத்துல இதுக்குள்ள பெற்றோல் தேங்கி நிக்கவே கூடாது. யாரு ஊத்தின?”

“நான்தான் நானா. திதிக்கு.”

உங்களுக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைத்தேனே அண்ணே. இதை மட்டும் விட மனம் வரவில்லை. ஒவ்வொரு திதிக்கும் ஒரு போத்தல் டேங்கில் ஊற்றி, முன்னால் விளக்கேற்றிக் கும்பிட்டேன். படைத்ததைத் திரும்ப எடுக்கலாமா? அப்படியே விட்டேன். மூன்று திதி, மூன்று போத்தல் என்று கொப்பியிலும் எழுதி வைத்திருக்கிறேன்.

“விளக்குமா? அண்ணன் போனது பத்தாதெண்டு ஊட்டையும் பின்னாலேயே அனுப்பப் பாத்தீங்களா?”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போனில் தேடித் தேடிப் படித்தேன். அந்தக் காலத்துப் பைபரில் சேர்த்த பிசின் பெற்றோலில் ஊறினால் இளகிவிடுமாம். உள்ளே பூச்சுப் பூசலாமா என்று கேட்டேன். “இளகின சுவர்ல பூசி என்ன? சேர்ந்தே உரியும்” என்றார். வேறொரு வண்டியின் இரும்பு டேங்கை வைத்துப் பார்த்தார். ஹேண்டிலைத் திருப்பினால் முட்டியது. கல்லுக்கு நடுவே முழுசாகத் திரும்பாத வண்டி எதற்கு?

“அலுமினியத்துல அடிச்சுத் தாரேன். பெற்றோல் அதைத் தின்னாது. மகள்ட்ட, பழசு, தானாக் கெட்டுப்போச்செண்டு சொல்லிருவோம்.”

அந்தப் பொய்யை இரண்டு நாள் மடியில் கட்டிக்கொண்டு திரிந்தேன். சாமிக்குப் பூ வைக்கக் கை வரவில்லை. மூன்றாம் நாள் கொப்பியைத் திறந்து சுதாவின் முன்னால் வைத்தேன்.

“அந்த டேங்க்ல அப்பா கையால எழுதின போட்டி நம்பர் இருக்கு அத்தை.” அவ்வளவுதான் சொன்னாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உங்களை நினைத்துச் செய்ததே உங்கள் பொருளைக் கரைத்துவிட்டதே, இதை எந்தத் தெய்வத்திடம் போய்க் கேட்பது?

சனிக்கிழமை சலீம் நானா காட்போட் மட்டையோடு வந்தார். சுதா குசினி வாசலில் வந்து நின்றாள்.

“அழுதது போதும் அத்தை. ஹேண்டிலைப் பிடிங்க. நானா புது டேங்குக்கு அளவெடுக்கணும்.”

கோபம் தீர்ந்துவிட்டதா? முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. இடம், வலம் என்று அவள் சொல்லச் சொல்லத் திருப்பினேன். தோள் இன்னும் வலிக்கிறது. பழைய டேங்கின் மேல் தாளை வைத்து உங்கள் நம்பரை அவள் பிரதி எடுத்திருக்கிறாள். புதியதில் அவளே எழுதுவாளாம்.

ஓடி முடிந்ததும் டேங்கை வற்ற வைக்க வேண்டும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள் அண்ணே. நான் சோறு வடித்துக்கொண்டே ‘ம்’ கொட்டியிருப்பேன்.

இது சத்தியம்: போட்டியன்று சுதா இறங்கியதும், டேங்கின் கடைசிச் சொட்டு வரைக்கும் என் கையால் இறக்குவேன். அலுமினியத்துக்கு அது தேவையில்லை என்கிறார் நானா. இருக்கட்டும். நீங்கள் சொன்னது எனக்கு இப்போதுதான் கேட்டிருக்கிறது.

உங்கள் தங்கச்சி,
சுதாவின் அத்தை,
பார்வதி