சித்தி எங்கை?

மே 13, புதன்

காலையிலிருந்து தூறல். ரோல்ஸ் சுற்றி முடிக்க மதியம் தாண்டிவிட்டது. ஆட்டிறைச்சி, மிளகு கொஞ்சம் கூடுதலாக. மகள் அனோவுக்கு அப்படித்தான் பிடிக்கும்.

கொண்டுபோக: ரோல்ஸ், மிளகாய்த்தூள், அனோவின் குளிர்ச்சட்டை, என் முழங்கால் மருந்து. கடவுச்சீட்டு!!

மாலை தங்கை ஜெனி பேர்கனிலிருந்து வந்து இறங்கினாள். தோளில் ஒரு சின்னப் பை மட்டும். நாளை இயேசுவின் விண்ணேற்பு விடுமுறை, வெள்ளியும் லீவு. இருவரும் நோர்வேயிலிருந்து ரயிலில் கோபன்ஹேகன், அனோவைப் பார்க்க.

எனக்கு இருப்பது ஒரே மகள். அவளையும் மூன்று வருடம் பேர்கனில் ஜெ. வீட்டில் விட்டுப் படிக்கவைத்தேன். அப்போது அது பெரிய நிம்மதி.

ஜெ. குசினியில் தேநீர் போட்டபடி போனோடு சிரிப்பு.

"ஆரோடை?"

"அனோவோடைதான் அக்கா. சும்மா."

சும்மா! எனக்கு ஞாயிறு பூசை முடிந்த பிறகுதான் எடுப்பாள். சாப்பிட்டீங்களோ, அப்பா எப்பிடி, சரி வைக்கிறன்.

மே 14, வியாழன்

காலை ரயில். எனக்கும் சேர்த்துப் பூசைக்குப் போகச் சொன்னேன் இவரிடம். "ஓம்" என்றார். போகமாட்டார்.

காடு, ஏரி, காடு. ஜெ. வாய் ஓயவில்லை.

"அனோ தலைமயிரைக் கட்டையா வெட்டிப்போட்டாள், தெரியுமே?"

தெரியும் என்றேன். தெரியாது.

"முதுகு நோ இப்ப பரவாயில்லையாம்."

என்ன முதுகு நோ? கேட்கவில்லை. யன்னலைப் பார்த்தேன்.

கோத்தன்பர்க்கில் மாற வேண்டும். விடுமுறைக் கூட்டம், மேடையில் கால் வைக்க இடமில்லை. ஜெ. கழிவறை வரிசையில் நின்றபோது ரயில் வந்துவிட்டது. பையோடு நெருக்கி ஏறினேன். இனி இடமில்லை, அடுத்ததில் வாருங்கள் என்று ரயில்காரி கத்தினாள். ஜெ. ஓடிவந்தாள். கண்ணாடிக்கு அப்பால் அவள் முகம். இறங்க நேரம் இருந்தது. இறங்கவில்லை.

போன் வந்தது. "அக்கா, நீங்கள் போங்கோ. நான் அடுத்ததில வாறன்." குரலில் கோபமே இல்லை. அதுவும் எரிச்சல்.

தமிழ்நாட்டுப் பையன் ஒருவன் எழுந்து இடம் தந்தான். "உட்காருங்க ஆன்ட்டி." எங்கே போகிறேன் என்று கேட்டான், சொன்னேன். "பொண்ணைப் பாக்கவா? ரொம்ப சந்தோஷப்படுவாங்க." கோபன்ஹேகனுக்கு முன் வரும் கடற்பாலம் கடக்கும்வரை, சந்தோஷப்படுவாங்க என்ற அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோபன்ஹேகன் மேடையில் அனோ. கட்டை மயிர் அழகாகத்தான் இருக்கிறது. கட்டிப்பிடித்தாள். என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"சித்தி எங்கை?"

மே 15, வெள்ளி

வெயில். நேற்று அதற்கு மேல் எழுத மனம் வரவில்லை.

நேற்று அவளுடைய அறைக்குப் போனதும் ரோல்ஸ் பெட்டியைத் திறந்தேன். அவள் கை நீட்டவில்லை.

"அம்மா, நான் இப்ப இறைச்சி சாப்பிடுறேல்லை. சித்தி சொல்லேல்லையே?"

பெட்டியை மூடினேன். அவள் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"ஓகஸ்டில நோர்வேக்குத் திரும்பி வாறன் அம்மா."

"உன்ர அறையை அப்பிடியே வைச்சிருக்கிறன் பிள்ளை..."

"இல்லை அம்மா. பேர்கன். அங்கை வேலை கிடைச்சிருக்கு. சித்தியும் நானும் சேர்ந்து உங்களுக்குச் சொல்லுவம் எண்டு இருந்தனாங்கள்."

"சித்திக்கு எப்ப தெரியும்?"

"மார்ச்சில."

நல்லது என்றேன். குளியலறையில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஜெ. வந்து சேர்ந்தபோது முகம் கொடுக்கவில்லை.

இன்று மூவரும் துறைமுகப் பக்கம். ஐஸ்கிரீம், அவர்கள் இருவருக்கும் ஒரே கப், இரண்டு கரண்டி. படம் எடுத்தது நான். எல்லாப் படத்திலும் அவர்கள் இருவர்.

ஜெ. கடையொன்றுக்குள் போன நேரம் அனோ மெதுவாக:

"நான் சித்தி வீட்டிலை இருக்கப்போறேல்லை. கேட்டனான். அவா வேண்டாம் எண்டிட்டா."

"ஏன்?"

"அக்கா தாங்கமாட்டா எண்டு சொன்னவா."

எனக்காக இரங்கியிருக்கிறாள். நன்றி வரவேண்டிய இடத்தில் இன்னும் எரிந்தது. அவளைவிட நான்தான் பாவம் என்று யார் சொன்னது?

அனோ என் கையைப் பிடித்தாள். சின்ன வயதில் தெருக் கடக்கும்போது பிடிப்பது போல இல்லை. கிழவிகளைப் பிடிப்பது போல.

மே 16, சனி

திரும்புகிறோம். முழங்கால் வலி. அனோ வழியனுப்ப வந்து இருவரையும் கட்டிப்பிடித்தாள். யாரை முதலில் என்று பார்த்தேன். என்னை. வெட்கமாக இருந்தது, பார்த்ததற்கு.

நாளை பதினேழாம் திகதி, நோர்வேயின் தேசிய நாள். ரயில் பெட்டியில் ஊருக்குத் திரும்பும் நோர்வேக்காரர் நிறைய. ஒருத்தி ஊர்வலத்துக்கான உடுப்பை உறையோடு மடியில் குழந்தை போல வைத்திருக்கிறாள்.

கோத்தன்பர்க் தாண்டியது. ஜெ. தோடம்பழம் உரித்துப் பாதியை நீட்டினாள். வாங்கினேன்.

"அக்கா, நான் முந்தியே சொல்லியிருக்க வேணும்."

"அதை விடு. அவளைப் பற்றிச் சொல்லு. எனக்குத் தெரியாதது எல்லாம்."

"கோவிக்கமாட்டியளே?"

"கோவிப்பன். நீ சொல்லு."

சொல்லத் தொடங்கினாள். பேர்கனில் முதல் குளிர்காலம் அனோ அழுதது. வேலையிடத்தில் யாரோடு சண்டை. யாரைப் பிடித்திருந்தது, அது எப்படி முடிந்தது. எல்லை தாண்டி ஹால்டன் நிலையமும் போய்விட்டது, அவள் சொல்லி இன்னும் முடியவில்லை. வயிறு எரிய எரியக் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"ம். பிறகு?" என்றேன்.