முன்னால் போகும் தந்தி

11-11-2024, திங்கள்

தபால் பையை மாட்டினேன். தந்தி எழவில்லை.

பதினோரு வருடத்தில் இது முதல் தடவை. பையின் கொக்கிச் சத்தம் கேட்டாலே வாசலில் போய் நிற்கிற நாய். நெல்லிவாசல்நாட்டு மலையில் நான் தபால் கொண்டுபோகும் எல்லாக் குக்கிராமத்துக்கும் எனக்கு முன்னால் அதுதான் போகும். அதைப் பார்த்ததும் வீட்டுக்குள் திரும்பி 'போஸ்ட்மேன் வர்றாரு' என்பார்கள். நான் அதற்கப்புறம்தான் மேடேறி வந்து சேருவேன். தந்தி சேவையை மூடிய வருடம் கிடைத்த குட்டி, அதனால் அந்தப் பெயர்.

இன்று கூப்பிட்டதும் முன்னங்கால் எழுந்தது. பின்னங்கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் விலகிப் போய்விட்டன. அப்படியே உட்கார்ந்துவிட்டது. குளிர், மழை, வயசு. வேறென்ன? விட்டுவிட்டுப் போனேன்.

முதல் வீட்டிலேயே "தந்தி எங்க?" என்றார்கள். நான் கொண்டுபோன ஆதார் கார்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

14-11-2024, வியாழன்

மத்தியானம் திரும்பினால் தந்தி வீட்டில் இல்லை. சசிகலாவைக் கேட்டேன். "கருப்பண்ணன் வூட்ல கீது. மூணு நாளா நீங்க கெளம்புன ஒடனே அங்க போய்டுது" என்றாள். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று அரிசி களையப் போய்விட்டாள்.

என் மனைவிக்கு ஒன்றுமில்லை. எனக்கு இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கருப்பன், ஆட்டுக்குட்டியைத் துரத்தியது என்று ஒரு காலத்தில் தந்தியைக் கல்லால் அடித்த ஆள். வலது காதில் தழும்பு இன்னும் இருக்கிறது. நாங்கள் ஆறு மாதத்துக்கு முன்னால்தான் புது வீடு கட்டிக் குடிவந்தோம் - தளம் போட்டு, டைல்ஸ் பதித்து. அந்த ஆள் இருப்பது ஒற்றை அறை மண் வீடு. அங்கே என்ன வைத்திருக்கிறதாம் இதற்கு?

16-11-2024, சனி

நேரிலேயே போனேன். உள்ளே தரையில் நான்கு காலையும் நீட்டிப் படுத்திருந்தது. கூப்பிட்டேன். வாலை ஆட்டியது. படுத்தபடியே. வந்த விருந்தாளிக்கு ஆட்டுகிற மாதிரி.

கருப்பன் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே, "நான் இன்னா பண்ணேன் தம்பி? அதுவா வருது, படுக்குது" என்றார்.

அதுவா வருதாம். எதையோ போட்டு மயக்கி வைத்திருக்கிறார். இல்லாமலா?

17-11-2024, ஞாயிறு

புதூர்நாட்டிலிருந்து கோழிக்கறி வாங்கிவந்தேன். ஈரல் முழுவதும் தந்திக்கு. தட்டை நக்கித் துடைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து சாய்ந்து எழுந்து, வாசல்படி மூன்றையும் பக்கவாட்டில் இறங்கி, அங்கே போய்விட்டது.

சாப்பாடு என் வீட்டில். தூக்கம் அங்கே.

24-11-2024, ஞாயிறு

ஒரு வாரமாகத் தினமும் இரண்டு முட்டை, கருவாட்டுக் குழம்புச் சோறு, ராத்திரி மறுபடி சோறு. எல்லாம் காலியாகிறது. நாய் மட்டும் தங்குவதில்லை.

இன்று முட்டை உரித்துக்கொண்டிருந்தபோது சசிகலா, "எனக்கு ஒரு நாளு உரிச்சுக் குடுத்திருப்பீங்களா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

28-11-2024, வியாழன்

எழுதவே கூச்சமாக இருக்கிறது. தபாலைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு வந்து, கருப்பன் வீட்டுப் பலாமரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். என்ன போடுகிறார் என்று பார்க்க. நாற்பத்தெட்டு வயசில், அரசாங்கப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு!

ஒன்றும் போடவில்லை. கறி இல்லை, எலும்பு இல்லை. தடவிக்கூடக் கொடுக்கவில்லை. அவர் பாட்டுக்குக் கயிறு திரிக்கிறார், அது பாட்டுக்குத் தூங்குகிறது. நடுவில் ஒரு தடவை எழுந்தது, சுலபமாக எழுந்தது, திரும்பிப் படுத்தது. அவ்வளவுதான்.

ஏதாவது போட்டிருந்தால் மனசு ஆறியிருக்கும். ஒன்றுமே செய்யாத ஆளிடம் போய்க் கிடக்கிறதே, அதில்தான் வயிறு எரிகிறது. எறும்பு கடித்ததுதான் மிச்சம்.

2-12-2024, திங்கள்

கட்டிப்போட்டேன். கூடத்து ஜன்னல் கம்பியில், நைலான் கயிற்றில். என் நாய், என் வீடு.

3-12-2024, செவ்வாய்

இன்றும் கட்டினேன். திரும்பி வந்து பார்த்தால் கட்டிய இடத்திலேயே மூத்திரம் போயிருந்தது. தந்தி அப்படிச் செய்கிற நாய் இல்லை. என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

5-12-2024, வியாழன்

எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

பாதி வழியில் சசிகலாவின் போன். தந்தி எழப் பார்த்துப் பின்னங்கால் விரிந்து விழுந்து கத்துகிறது, எழுந்திருக்க முடியவில்லை என்றாள். ஓடிவந்தேன். எனக்கு முன்னால் கருப்பன் வந்திருந்தார், சத்தம் கேட்டு. கயிற்றை அவிழ்த்திருந்தார். நான் குனிந்து காலைப் பிடித்துத் தூக்கப் போனேன்.

"காலப் புடிச்சி இழுக்காத தம்பி. வயித்துக்குக் கீழ துண்டப் போட்டு தூக்கு."

தன் தோள் துண்டை அதன் அடிவயிற்றுக்குக் கீழே விட்டு, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்தார். பின்பாகம் மேலே வந்தது, தந்தி நின்றது. நின்றதும் அவர் மணிக்கட்டை நக்கியது. அவர் கையை. என் கை அதற்குப் பக்கத்திலேயே இருந்தது.

அது வலியில் துடிக்கிற நேரத்திலும் நான் கவனித்தது அதைத்தான். என்ன மனுஷன்டா நீ?

6-12-2024, வெள்ளி

புதூர்நாட்டுக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஷேர் ஜீப்பில் போனோம். தந்தி என் மடியில். கருப்பனை நான் கூப்பிடவில்லை, அவராக ஏறிக்கொண்டார்.

டாக்டர் சுவேதா இடுப்பை அமுக்கிப் பார்த்தார், காலை மெதுவாக மடக்கி நீட்டினார். இடுப்பு மூட்டும் முழங்கால் மூட்டும் தேய்ந்திருக்கிறதாம். சரியாகப் போகிற விஷயமில்லை, ஆனால் வலியைக் குறைத்து நடமாட வைக்கலாம் என்றார். எடை போட்டார். சித்திரையில் வெறிநாய்த் தடுப்பூசிக்கு வந்தபோது இருபத்திரண்டு கிலோ, இப்போது இருபத்தைந்து. தேய்ந்த மூட்டு இத்தனை பாரத்தைத் தாங்குமா, யார் இப்படித் தீனி போடுவது என்று கோபமாகக் கேட்டார்.

நான் சொன்னேன்: "பக்கத்து வூட்ல போடறாங்க, டாக்டர்."

பக்கத்து வீட்டுக்காரர் என் பக்கத்தில்தான் நின்றார். சுவரில் ஒட்டியிருந்த பசுமாட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு டாக்டர், வீட்டில் என்ன தரை என்று கேட்டார். டைல்ஸ்தான், வழவழவென்று இருக்கும் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எண்ணெ கொட்டுன தரையில நீங்க ஒருக்கா எந்திரிச்சிப் பாருங்க. உங்க மூட்டு நல்லா இருக்கும்போதே."

எனக்குக் காது சூடாகிவிட்டது. கருப்பன் வீடு சாணி மெழுகிய மண் தரை. நகம் ஊன்றும், கால் பிடிக்கும். சோறும் இல்லை, மயக்கமும் இல்லை. அங்கே அதால் எழுந்து நிற்க முடிகிறது. அவ்வளவுதான். நான் அதை வழுக்குகிற தரையில் கட்டிப்போட்டு, மேலே மூன்று கிலோவும் ஏற்றியிருக்கிறேன்.

திரும்பும்போது ஜீப்பில் கருப்பனிடம் கேட்டேன், தரைதான் காரணம் என்று உங்களுக்குத் தெரியுமா என்று. தெரியும் என்று தலையாட்டினார். ஏன் சொல்லவில்லை என்றேன்.

"புது வூடு கட்டி குடி வந்துகீற. உன் தரை சரியில்லன்னு நான் எப்டி சொல்றது?"

வாஸ்தவம்தான். எங்கள் ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். ஒருத்தன் புது வீட்டில் குறை சொன்னால் அவன் கண்தான் பட்டது என்றாகிவிடும். நானும் சொல்லியிருக்கமாட்டேன்.

டாக்டரிடம் சொன்ன பொய்யைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

7-12-2024, சனி

கூடம் முழுக்கப் புளி மூட்டைச் சாக்கு விரித்தாகிவிட்டது. நழுவாமல் இருக்க ஓரங்களைச் சேர்த்துத் தைத்தேன். வாசல்படிக்குப் பலகைச் சரிவு, அதிலும் சாக்கு. சசிகலா கோபப்படுவாள் என்று நினைத்தேன். "நானும் ரெண்டு தடவ வழுக்கிட்டேன். ஆசையா பதிச்சீங்களேன்னு சொல்லல" என்றாள். இன்னும் யார் யார் என்னிடம் என்னென்ன சொல்லாமல் இருக்கிறார்கள்?

டாக்டர் சொல்லி அனுப்பியது: மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகுதான். மனுஷன் மாத்திரை எதையும் கொடுக்கவே கூடாது. சோறு பாதி. நகம் வெட்ட வேண்டும். காலையிலும் மாலையிலும் வறுத்த உப்பைத் துணியில் கட்டி, நம் கையில் சூடு பார்த்து, இடுப்புக்கு ஒத்தடம். கொஞ்ச தூர நடை, தினம் இரண்டு வேளை.

12-12-2024, வியாழன்

தானாக எழுந்தது! சாக்கில் கால் ஊன்றி, ஒரு தடவை தடுமாறி, எழுந்தது. பகல் முழுக்க இங்கேயே இருந்ததாம். ஜெயித்துவிட்டேன்.

16-12-2024, திங்கள்

மறுபடி போய்விட்டது. பதினோரு மணிக்கெல்லாம். சாக்கு விரித்தாயிற்று, ஒத்தடம் கொடுத்தாயிற்று, மாத்திரையை என் கையால் ஊட்டியாயிற்று. இன்னும் என்ன வேண்டுமாம் அதற்கு?

22-12-2024, ஞாயிறு

இன்று ஒளிந்துகொள்ளவில்லை. கொல்லையில் விறகு பிளக்கும்போது தானாகக் கண்ணில் பட்டது.

கருப்பன் தன் சாமைக் கொல்லையைத் தாண்டிப் புளியமரம் வரைக்கும் போகிறார். அவருக்கும் முட்டி வலி. பத்து அடி நடப்பார், நிற்பார், தொடையில் கையை ஊன்றுவார். தந்தியும் பத்து அடி நடக்கிறது, நிற்கிறது. ஒன்றுக்கொன்று காத்திருப்பதாகக்கூடத் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே நடை.

நானும்தான் தினம் இரண்டு வேளை கூட்டிப்போகிறேன், டாக்டர் சொன்னபடி. எப்படி? பையோடு, என் வேகத்தில், 'வா வா, நேரமாச்சு' என்று. பாதியில் நின்றுவிடும். சோம்பேறி என்று திட்டுவேன்.

தரை மேல் பொறாமைப்பட்டேன், சாக்கு விரித்துச் சரிக்கட்டினேன். இன்னொருத்தர் முட்டி வலி மேல் பொறாமைப்படுகிறவன் உலகத்தில் உண்டா? உண்டு. விறகு பிளந்துகொண்டு நிற்கிறேன்.

8-1-2025, புதன்

கருப்பன் வாசலில் வந்து நின்றார். முட்டி வைத்தியத்துக்குத் திருப்பத்தூரில் மகள் கல்பனா வீட்டுக்குப் போகிறாராம், ஒரு மாதம் ஆகுமாம். பிறகு, "தந்திய பாத்துக்க தம்பி" என்றார்.

என் நாயை. என்னிடம். பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்!

வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அவரே சொன்னார்: "வேகமா நடக்காத. நடுவுல ஒரு பாறை கீது, அதுல உக்காரு. நீ உக்காந்தாதான் அது உக்காரும்."

அன்றைக்கு டாக்டரிடம் நான் சொன்னது, என்று ஆரம்பித்தேன். "அத வுடு" என்று சொல்லி, வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஜீப்புக்குப் போனார். தந்தி பின்னாலேயே பாதி தூரம் போயிற்று. நான் தடுக்கவில்லை.

10-1-2025, வெள்ளி

பூட்டிய கதவை மோந்து பார்த்தது. கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் புளியமரத்துப் பக்கம் கிளம்பியது. நான் கூடப் போனேன். பழக்கதோஷம், முன்னால் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் அது பின்னால் நிற்கிறது, கூப்பிட்டாலும் வரவில்லை. திரும்பிப் போய்ப் பக்கத்தில் நின்றேன். நடந்தது.

பாறையில் உட்கார்ந்தேன். அதுவும் உட்கார்ந்து, முழு பாரத்தையும் என் கால் மேல் சாய்த்தது. இருபது நிமிடம் ஆயிற்று. நான் எந்த வேலையும் இல்லாமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்தது எப்போது? ஞாபகம் இல்லை.

14-1-2025, செவ்வாய்

பொங்கல். தந்திக்கு ஒரு வாய். ஒரே ஒரு வாய். கெஞ்சியது, கொடுக்கவில்லை.

23-1-2025, வியாழன்

இரண்டு கிலோ இறங்கியிருக்கிறது. டாக்டர் என்னைத் திட்டவில்லை. பக்கத்து வீட்டில் தீனியை நிறுத்திவிட்டார்களா என்று கேட்டார். "அது நான்தாங்க போட்டது" என்றேன். சரி என்று எழுதிக்கொண்டார்.

புளியமரத்தடியில் ஒரே ஒரு வீடு, ஆனந்தி வீடு. அந்த வீட்டுத் தபாலை இனிமேல் தந்தியின் சாயங்கால நடைக்கு ஒதுக்கிவைக்கப் போகிறேன்.

9-2-2025, ஞாயிறு

கருப்பண்ணன் வந்துவிட்டார், கையில் கழியோடு. ஜீப்பிலிருந்து இறங்கி இருமினார், அவ்வளவுதான். தந்தி ஊளையும் இல்லாமல் குரைப்பும் இல்லாமல் ஒரு சத்தம் போட்டுக்கொண்டு பலகையில் இறங்கிப் போயிற்று. பின்பாகம் முழுக்க ஆடுகிறது. நிலத்தில் சொட்டுச் சொட்டாக மூத்திரம்.

இரண்டு மாதமாக ஒத்தடம் கொடுத்தவன் நான். மாத்திரையை வெல்லத்தில் பொதிந்து கொடுத்தவன் நான். எனக்கு ஒரு நாள் அப்படிச் சத்தம் போட்டதுண்டா? எரிந்தது. பொய் எழுத மாட்டேன், நன்றாகவே எரிந்தது.

பையை வாங்கி அவர் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தேன். சசிகலா நேற்றே அங்கே சாணி மெழுகி வைத்திருந்தாள். நான்தான் சொன்னேன், மெழுகி வை என்று.

12-2-2025, புதன்

ஆனந்தி வீட்டுக்கு ஒரு கவர் வந்திருந்தது. சாயங்காலம் பையை மாட்டினேன். கொக்கிச் சத்தம் கேட்டதும் தந்தி சாக்கில் கால் ஊன்றி எழுந்து வாசலுக்கு வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து கருப்பண்ணனும் கழியை எடுத்துக்கொண்டார்.

பாறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். தந்தி அவர் பக்கம்தான் சாய்ந்தது. சாயட்டும். எழும்போது அதன் அடிவயிற்றுக்குத் துண்டு கொடுத்தது நான்.

பிறகு தந்தி முன்னால், அவர் நடுவில், நான் கடைசியில். வேகமாகப் போகக் கால் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். தந்தி நின்றபோது நின்றேன்.

புளியமரத்தடி வீட்டில் ஆனந்தி துணி எடுக்க வெளியே வந்தாள். நான் இன்னும் வளைவுக்கு இந்தப் பக்கம்தான் இருந்தேன், அவள் கண்ணுக்கு நான் தெரியமாட்டேன். அவள் வீட்டுக்குள் திரும்பிச் சொன்னது மட்டும் கேட்டது.

"போஸ்ட்மேன் வர்றாரு."