மூத்தவர் கரண்டியைத் தொடும் வரை

குன்சான்
14 அக்டோபர் 2002

அன்புள்ள போமி அப்பாவுக்கு,

நானும் போமியும் நலம். அவளுக்குக் கீழே இரண்டாவது பல் எட்டிப் பார்க்கிறது. ஃபோனில் பேச வழியில்லை, பக்கத்திலேயே உங்கள் கோஷ்டிப் பையன் பங்சு உட்கார்ந்திருக்கிறான். உங்களைப் பிடித்துக் கொடுக்கத்தான் உட்கார்த்தியிருக்கிறார்கள். எதற்காகத் தேடுகிறார்கள் என்று பாவம் அவனுக்கே தெரியாது. அதனால் தோழியின் முகவரியிலிருந்து எழுதுகிறேன்.

நேற்று அந்த ரவுடிப் படத்தைப் பார்த்துவிட்டேன். போமியை முதுகில் கட்டிக்கொண்டு போனேன். காவலுக்குப் பங்சுவும் வந்தான். நீங்கள் நான்கு மாதம் நடிகர்களுக்குச் சொல்லிக்கொடுத்த கும்பிடு, நடை எல்லாம் அச்சு அசலாக இருக்கிறது. பொய் சொல்வானேன், நானும் சிரித்தேன். தலைவன் ஃபோனில் கதையளக்கிறான். மூத்தவன் கரண்டியைத் தொடாமல் யார் சாப்பிடுவது? பத்துத் தடியன்கள் ஆறிப்போகும் சூப்பையே வெறித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் ஆஸ்பத்திரிக் காட்சி. நர்ஸ் தலைவனின் அடையாள அட்டையை வாங்கி, பிறந்த வருஷத்தை உரக்கப் படிக்கிறாள். பன்னிரண்டு வருஷம் "அண்ணா, அண்ணா" என்று இரு கையாலும் ஊற்றிக்கொடுத்தவனுக்கு, அந்த அண்ணன் தன்னைவிட இளையவன் என்று தெரிகிறது. சிரிப்பில் தியேட்டரே அதிர்ந்தது. இது உங்கள் தலைவர் தூமான் அண்ணன் கதையல்லவா? அவர் உங்களைவிட இளையவர் என்பதை என்னிடம் மட்டும்தான் சொன்னேன் என்றீர்களே. தொடையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்த பங்சு சட்டென்று நிறுத்தி, வருஷங்களை விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான்.

அடுத்த மாதம் போமிக்கு முதல் பிறந்தநாள். நீங்கள் இல்லாமல் எப்படி விருந்து மேசை போடுவேன்? வந்தால் உங்களை என்ன செய்வார்கள்? எனக்கு எதுவும் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஹேரான்

* * *

தெற்குத் தீவு
20 அக்டோபர்

என் போமி அம்மாவுக்கு,

பயப்படாதே. நெத்திலி அவிக்கும் கொட்டகையில் வேலை கிடைத்திருக்கிறது. என் மேல் அடிக்கிற வாடைக்கு ஊர்ப் பூனைகள் முழுக்கப் பின்னால் வருகின்றன. அண்ணா என்று கூப்பிடாததுதான் பாக்கி. கடைசியில் எனக்கும் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது!

ஆமாம், நான்தான் உளறினேன். படத்துக்குக் கதை எழுதுகிற பையன் சோஜு சாராயம் ஊற்றிக்கொண்டே இருந்தான். "உங்க தொழில்ல சிரிப்பே கெடையாதாண்ணே?" என்றான். பேர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. அவன் சிரித்து நாற்காலியிலிருந்தே விழுந்தான். என் பேச்சுக்கு ஒருவன் அப்படிச் சிரித்ததே இல்லை, ஹேரான். அது ஒரு தனி போதை.

தூமான் கத்துகிறானா? சாமானைப் போட்டு உடைக்கிறானா? அதை மட்டும் பார்த்து எழுது. கத்தினால் பயமில்லை. குரைக்கிற நாய் கடிக்காது.

போமிக்கு என் பங்குக்கும் ஒரு முத்தம் கொடுத்துத் தூங்க வை.

உன்,
கிசொப்

* * *

குன்சான்
28 அக்டோபர்

அன்புள்ள போமி அப்பாவுக்கு,

அவர் கத்தவில்லை.

ஊர்தான் கத்துகிறது. மீன் மார்க்கெட்டில் எதிர்க் கோஷ்டிக்காரன் ஒருவன், "என்ன தூமான் தம்பி, பால் குடிச்சியா?" என்று கேட்டானாம். அன்றிலிருந்து இவர்களுக்குள்ளேயே ஒருவனுக்கொருவன் அட்டையைக் காட்டச் சொல்கிறான். பங்சு, துணி அலசிக்கொண்டே என்னிடம் கேட்கிறான்: "அண்ணி, நீங்க எந்த வருசம்? சும்மாதான் கேக்கறேன். இப்பல்லாம் யாரையும் நம்ப முடியல."

நேற்று தூமான் அண்ணனே வீட்டுக்கு வந்தார். போமிக்குத் தங்க மோதிரம். எப்போதும் "என்னம்மா" என்று காலை நீட்டி உட்காருகிறவர், மண்டியிட்டு உட்கார்ந்தார். எனக்கு இரு கையாலும் பார்லித் தேநீர் ஊற்றினார். தான் குடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார், பெரியவர்கள் முன்னால் குடிக்கிற மாதிரி.

"அண்ணி," என்றார். சமையலறையில் பங்சு பால் புட்டியைக் கீழே போட்டான்.

"அண்ணனை வரச் சொல்லுங்க. கொழந்தைக்கு மொதப் பொறந்தநாளு. அப்பன் இல்லாம மேசை போடலாமா?"

"அவர் மேல உங்களுக்குக் கோபம் இல்லையா?"

"அண்ணன் மேல தம்பிக்கு என்னங்க கோபம்? படம் நல்லாத்தான் இருந்துச்சு. நானே ரெண்டு எடத்துல சிரிச்சேன்."

நான்கு வருஷம் கல்லூரியில் மனோதத்துவம் படித்தேன். ஒரு மனிதர் அரை மணி நேரம் எதிரில் உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வாருங்கள் என்று எழுதவும் கை வரவில்லை, வராதீர்கள் என்று எழுதவும் மனம் வரவில்லை. உங்களுக்குத்தான் அவரைத் தெரியும். நீங்களே சொல்லுங்கள்.

ஹேரான்

* * *

தெற்குத் தீவு
5 நவம்பர்

என் போமி அம்மாவுக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேனோ. முகத்தைத் திருப்பிக் குடித்தானா? தூமானா?

நானே அவனுக்கு ஃபோன் செய்தேன். "வாங்கண்ணா," என்றான். "நாலு மணி பஸ்ஸுக்கு ஆள் அனுப்பறேண்ணா." கொதிக்கிற அண்டாவை மறந்து நின்றேன். ஒரு நடை நெத்திலி கூழாகிப்போனது. முதலாளி வாய்க்கு வந்தபடி ஏசினார். எனக்கு உறைக்கவே இல்லை.

நீ கேட்பாய், அந்த ஒரு வார்த்தைக்காகவா என்று. பன்னிரண்டு வருஷம் என் சூப்பு ஆறியிருக்கிறது, ஹேரான். ஒரே ஒரு தடவை, என் மகள் பார்க்க, அவன் எனக்காகக் காத்திருக்கட்டும். அதற்கப்புறம் இந்தத் தொழிலே வேண்டாம். மூவருமாக இங்கேயே வந்துவிடலாம். பூனைகள் இருக்கின்றன.

பத்தாம் தேதி வருகிறேன். நல்ல சட்டையைத் தேய்த்து வை.

உன்,
கிசொப்

* * *

குன்சான்
13 நவம்பர்

அன்புள்ள போமி அப்பாவுக்கு,

நீங்கள் வருவதாக எழுதிய கடிதம் பிறந்தநாள் காலையில்தான் கைக்கு வந்தது. தோழி வீட்டிலிருந்து கொட்டகைக்கு ஃபோன் செய்தேன். முதல் படகிலேயே போய்விட்டீர்கள் என்றார் முதலாளி.

மத்தியானம் பங்சு உங்களை அழைத்துவரப் பூங்கொத்தோடு பஸ் நிலையத்துக்குக் கிளம்பினான். "இதுவரைக்கும் யாருக்கும் பூ குடுத்ததில்ல அண்ணி, எப்பிடிப் புடிக்கணும்?" என்றான். நான்தான் பிடித்துக் காட்டினேன்.

மேசையில் அரிசிப் பணியாரம், பழம், கடற்பாசிச் சூப்பு. மூத்தவருக்கான இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, தூமான் அண்ணன் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். "மூத்தவர் வரட்டும்," என்றார். கரண்டியைத் தொடவில்லை. அதனால் யாருமே தொடவில்லை. அப்படியே அந்தப் படம்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் இரண்டு முறை சூப்பைச் சூடு பண்ணினேன்.

இருட்டிய பிறகு பங்சு வந்து அவர் காதருகே குனிந்தான். அவர் எழுந்து காலியாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தார். கரண்டியை எடுத்தார். எல்லோரும் சாப்பிட்டார்கள்.

"சாப்பிடும்மா, ஆறுது," என்றார் என்னைப் பார்த்து. அண்ணி என்று சொல்லவில்லை.

பங்சுவைச் சமையலறையில் மடக்கினேன்.

"அண்ணன் பஸ்ஸுல இருந்து எறங்கவே இல்ல அண்ணி."

"பூ எங்கடா?"

அவன் போமியின் துணிகளை எடுத்துப்போய் அலசினான். எல்லாம் துவைத்து மடித்து வைத்த துணிகள்.

அவன் சொல்வது உண்மையாக இருக்கட்டும். வழியில் எங்கேயோ பயந்து இறங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். பயந்தது நல்லது. கோபமே இல்லை. எங்கிருந்தாலும் ஒரு வரி போதும்.

எதை எடுக்கிறாள் என்று பலன் பார்க்க மேசையில் பரப்பியதில், போமி பென்சிலைத் தள்ளிவிட்டு நூல்கண்டை எடுத்தாள். நீண்ட ஆயுள் என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

நேற்றிலிருந்து பங்சு வருவதில்லை. இனி இங்கே காவல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஃபோன் பக்கத்தில் யாருமே இல்லை. நீங்கள் எப்போது வேண்டுமானாலும் பேசலாம்.

ஹேரான்