உன் இடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள்

அன்புக்கும் எரிச்சலுக்கும் சமமாக உரிய என் தர்சிக்கு,

நீ இருந்தபோது நாம் டேனிஷில்தான் கதைத்தோம். இதைத் தமிழில் எழுதுகிறேன். நான் உன்னைவிடப் புள்ளி கூட எடுத்த ஒரே பாடம் தமிழ்தான், அதனால் இதில் நீ என்னைத் திருத்த முடியாது. மற்ற எல்லாவற்றிலும் நீதான் முன்னுக்கு நின்றாய். நம் ஊர் பிராண்டேயில் எந்தப் பிறந்தநாள் வீட்டுக்குப் போனாலும் "தர்சியைப் பார்த்துப் பழகு" என்று எனக்கு யாராவது சொல்லாமல் விட்டதில்லை. மாமிக்கு நீ ஒரே பிள்ளை. அப்பாவின் தங்கச்சி வீடு என்பதால் எனக்கும் அதுதான் இரண்டாவது வீடு.

வசந்தத்தில் மாமியின் சமையலறை மேசையில் இருந்துதானே இரண்டு பேரும் அந்தப் படிப்புக்கு விண்ணப்பித்தோம். அரை வருடம் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் இரசாயனம், அரை வருடம் ஒரு கம்பனியின் ஆய்வுகூடத்தில் சம்பளத்தோடு வேலை, மாறி மாறி. கம்பனிகள் எத்தனை பேரை எடுக்குமோ அத்தனை இடம்தான். காற்றாலை இறக்கைகளை ஒட்டும் பசையைச் சோதிக்கிற கம்பனியில் ஒரேயொரு இடம், நமக்கு இரண்டு பேருக்கும் வேண்டியதும் அதுதான். நேர்முகம் முடிந்து வெளியே வந்ததும், "நீ யோசித்து யோசித்துக் கதைக்கிறாய், உன்னை எடுக்க மாட்டார்கள்" என்றாய். நீ சொன்னபடியே உனக்கு இடம், எனக்கு ஸ்டாண்ட்பை. யாராவது விலகினால் கூப்பிடுவார்கள். "என்னை நம்பிக் காத்திருக்காதே, நான் விலக மாட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாய்.

பிறகு ஹேர்னிங் வீதியில் அந்த லொறி வந்தது. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

நீ போன எட்டாம் நாள், உன் எட்டுச் செலவுக்கு மாமி உனக்குப் பிடித்த எல்லாவற்றையும் படைத்தார். வாழையிலையில் இடியப்பம், ஆட்டிறைச்சிக் கறி, பக்கத்தில் பொரித்த வெங்காயம் தூவிய ஹொட்டோக், நீ ஓயாமல் சப்பும் அந்தக் கறுப்பு உப்பு மிட்டாய். கும்பிட்டு முடிந்ததும் நீ வந்து சாப்பிடட்டும் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம். அப்போதுதான் என் தொலைபேசி அடித்தது.

ஒதுங்கிப்போய் எடுத்தேன், பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண். ஒரு இடம் காலியாகி இருக்கிறதாம், பசைக் கம்பனியில், எனக்கு இன்னும் விருப்பமா என்று கேட்டாள் அந்தப் பெண். மிகவும் விருப்பம் என்று டேனிஷில் சொன்னேன், நன்றியும் சொன்னேன். பெரியவர்களுக்கு விளங்கக்கூடாது என்றால் டேனிஷுக்கு மாறுவதுதானே நம் பழக்கம். திரும்பினால் பின்னால் மாமி நிற்கிறார். முதியோர் இல்லத்தில் இத்தனை காலம் டேனிஷ்காரரைக் குளிப்பாட்டிச் சாப்பாடு தீத்திய மனுசிக்கு இது விளங்காது என்று நான் எப்படி நினைத்தேன்?

"அவள் உள்ளுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்," என்றார் மாமி. "முடிக்கும் மட்டும் பொறுக்கேலாதோ உனக்கு?"

எல்லோருக்கும் கேட்டது.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு சண்டை. "வேண்டாமெண்டு சொல்லு. அந்த மனுசியின்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?" என்று அம்மா அழுதார். அப்பா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினார். "இவள் விட்டால் வேறை ஆரின்ரயோ பிள்ளை போகும். செத்தவளுக்கெண்டு ஆரும் இடத்தைப் பூட்டி வைக்கப் போறதில்லை." உன்னைத் தூக்கி வளர்த்த மாமாதான் அதைச் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றிருந்தார்கள்.

உனக்கு உண்மையைச் சொல்கிறேன், வேறு யாரிடம் சொல்ல? அந்தப் பெண் சொன்ன நிமிடத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன்னை எரித்த கிழமையிலேயே சந்தோஷப்பட்டேன். மாமி அப்படிச் சொன்ன பிறகும் அந்தச் சந்தோஷம் போகவில்லை. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? எனக்காக ஒரு வருடம் பொறுத்திருப்பாயா? அவள் கேட்டு முடிக்க முதலே ஓம் என்றிருப்பாய். எனக்கு உன்னைத் தெரியும்.

வியாழக்கிழமை மாமியிடம் போனேன். அடுத்த நாள் வேலைக்குத் திரும்புவதற்கு உடுப்பு அயன் பண்ணிக்கொண்டிருந்தார்.

"மாமி, நீங்கள் வேண்டாமெண்டால் நான் போகேல்லை."

"நான் வேண்டாமெண்டால் என்ர பிள்ளை வருவாளோ?"

"இல்லை மாமி."

"அப்ப போ." சட்டையை மற்றப் பக்கம் திருப்பிப் போட்டார். "போய்ப் பெயிலாகு. முதல் வருசத்திலேயே உன்னை வெளியில அனுப்பட்டும். அவளால ஏலும், உன்னால ஏலாதெண்டு ஒருக்கால் நான் கண்ணால பாக்க வேணும். எனக்கு அது காணும்."

கோபமே இல்லாத குரல், தர்சி. கடையில் பால் வாங்கி வரச் சொல்கிற குரல். பிறகு, தேத்தண்ணி குடிக்கிறியோ என்று கேட்டார். குடித்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை ஓம் என்று சொல்லிவிட்டேன். திங்கள் தொடங்குகிறது. மாமி கேட்டது ஒன்றும் பெரிய விஷயமில்லை. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்னிடம் கேட்கிற ஒரே ஆறுதல் அது. கொஞ்சம் கவனக்குறைவாக இருந்தாலே போதும், நான் கணக்கில் இருக்கிற இலட்சணத்துக்கு அது தானாகவே நடந்துவிடும்.

ஆனால் நான் அதைக் கொடுக்க மாட்டேன். நீ எடுத்திருக்கக்கூடிய புள்ளிக்கும் மேலே எடுப்பேன். எடுத்துக்கொண்டு நேரே மாமி வீட்டுக்குப் போய், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுவேன். இது உனக்கு நான் செய்கிற சத்தியம்.

உன் கதிரையில் இருக்கப்போகிற
உன் மச்சாள்
சாரு